ஜேம்ஸ் பாண்ட் தீவும் என் மச்சானும்

ஹாட்யாய் போகிறேன் என்று சொல்லும் ஆண்பிள்ளையை நம் நாட்டில் எந்த வீட்டிலும் ஒரு தினுசாகத்தான் பார்ப்பார்கள். என் வீட்டிலும் அந்தப் பார்வை விழுந்தது. "ஹாட்யாயில் ஒரே ஒரு ராத்திரிதான். அப்புறம் கிராபி, பங்ஙா, காவ் லாக், புக்கெட் என்று கடலோரமாகப் போய், சினிமா எடுத்த இடங்களையெல்லாம் பார்த்துவிட்டு வருகிறோம்" என்றேன்.

"சினிமாவை ராத்திரியிலதான் எடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அவள் தம்பியும் வருகிறான் என்று சொன்ன பிறகுதான் அனுமதி கிடைத்தது. அவனுக்கு நான் காவல், எனக்கு அவன் காவல். மூன்றாவது ஆள் என் அக்கா மகன். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை, 24 வயது, சினிமாப் பைத்தியம். இந்தப் பயணமே அவன் யோசனைதான். எந்தப் படத்தின் எந்தக் காட்சி எங்கே எடுக்கப்பட்டது என்று கைப்பேசியில் ஒரு பட்டியல் வைத்திருந்தான். மச்சானிடமும் ஒரு பட்டியல் இருந்தது. அது மாலை ஏழு மணிக்கு மேல் திறக்கும் இடங்களின் பட்டியல். காடி என்னுடையது. பெட்ரோலும் பெரும்பாலும் என்னுடையதாகத்தான் இருந்தது.

சுங்கை பட்டாணியில் விடியற்காலை கிளம்பி, சங்லூனில் பசியாறிவிட்டு, புக்கிட் காயு ஹீத்தாம் போய்ச் சேர்ந்தோம். காரோடு எல்லை தாண்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாய்லாந்துக் காப்புறுதி கட்டாயம். காரின் கிராண்ட் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் கடிதம் வேண்டும். ஊரே உங்களுக்கு முன்னால் கிளம்பிப் போயிருக்கும் பள்ளி விடுமுறையில் போகாதீர்கள். எல்லையைத் தாண்டியதும் கைக்கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். நம்மைப் போலவே அங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் மற்றபடி பயமில்லை.

ஹாட்யாயைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. படித்துக்கொண்டிருக்கும் பாதிப்பேர் போய் வந்தவர்கள். மீதிப்பேர் போனதை வீட்டில் சொல்லாதவர்கள். கடைக்காரர் வெள்ளியை வாங்கிக்கொள்கிறார், மலாயில் பேரம் பேசுகிறார். நாங்கள் நுழைந்த மதுக்கூடத்தில் ஒரு பெண் மலாய்ப் பாட்டு, சீனப் பாட்டு, ஆங்கிலப் பாட்டு என்று மாறி மாறிப் பாடினாள். வெளிநாடு வந்த மாதிரியே இல்லை. மருமகனுக்கு அங்கே ஒரு ஏமாற்றம். அவன் பட்டியலில் ஹாட்யாய்க்கு ஒரு படமும் இல்லை.

"என் காலத்துப் படம் ஒன்று இருக்கிறது" என்றேன். உலகம் சுற்றும் வாலிபன், 1973. எம்.ஜி.ஆர். இந்த நாட்டுக்கு வந்து படம் பிடித்து, மேத்தா ரூங்ரத் என்ற தாய்லாந்து நடிகையை ஜோடியாகப் போட்டார். எங்கள் தோட்டத்தில் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசாத வாலிபன் கிடையாது என்று என் அப்பா சொல்வார். "அந்த இடங்களுக்குப் போவோமா?" என்றான் மருமகன். அதற்குப் பாங்காக் வரை ஓட்ட வேண்டும். பேச்சை அதோடு விட்டோம்.

மறுநாள் பத்தாலுங், திராங் வழியாகக் கிராபி. கடலோரப் பயணம் என்று சொல்லிவிட்டேன், உண்மையைச் சொல்ல வேண்டுமானால் நாலாம் எண் நெடுஞ்சாலையில் கடல் கண்ணில் படுவதே அபூர்வம். இரண்டு பக்கமும் ரப்பரும் செம்பனையும். பால்வாசனை ஜன்னல் வழியாக வந்தது. தோட்டத்தில் பிறந்தவனை 300 கிலோமீட்டர் ஓட்டவைத்து மறுபடியும் தோட்டத்துக்கே கொண்டுபோகும் சாலை. கிராபியை நெருங்கும்போதுதான் தரையிலிருந்து திடீரென்று கிளம்பிய சுண்ணாம்புக்கல் மலைகள் தெரிகின்றன. ஈப்போ மலைகளைக் கொண்டுபோய்க் கடலுக்குள் நிறுத்திவைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

அவ் நாங்கில் தங்கினோம். பட்டியலில் முதல் இடம் மாயா வளைகுடா. லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த 'தி பீச்' 1999இல் அங்கே எடுக்கப்பட்டு, மறு ஆண்டு வெளிவந்தது. யாருக்கும் தெரியாத ஒரு சொர்க்கக் கடற்கரையைத் தேடிப் போகிறவர்களின் கதை. படம் வந்த பிறகு உலகமே அதைத் தேடிப் போனது. படகுகளின் நங்கூரமும் ஆயிரக்கணக்கான கால்களும் பவளப்பாறையை நாசமாக்கிவிட, 2018 ஜூனில் வளைகுடாவை மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகு தீவின் பின்பக்கம் நிற்கிறது. அங்கிருந்து நடந்து வர வேண்டும். நீந்தக் கூடாது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஓய்வுக்காக மறுபடியும் மூடுகிறார்கள்.

முதல் நாள் இரவே மூன்று பேருக்கும் படகுச் சீட்டு எடுத்தாயிற்று. காலையில் படகுக்கு முன்னால் நின்று மச்சான், "வயிறு சரியில்ல அத்தான், நீங்க போயிட்டு வாங்க" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. முந்தின இரவு அவன் தின்ற இறாலையும் குடித்த பீரையும் எண்ணிக் காட்டினேன். சீட்டு எடுத்த இடத்தில் பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்றார்கள். அந்தக் கோபத்தையும் அவன்மேலேயே போட்டேன். "ராத்திரிக்கு மட்டும் வயிறு நல்லா இருக்கும்" என்றுகூடச் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை.

படகு கிளம்பி அரைமணி நேரம் இருக்கும். பிடித்துவிட்டிருந்த பாதுகாப்புச் சட்டையின் வாரை இழுத்துத் தளர்த்திக்கொண்டிருந்தபோது எனக்கு உறைத்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அப்போது மச்சானுக்கு 19 வயது. வேலையிடத்து நண்பர்கள் இரண்டு பேரோடு பினாங்கில் பத்து பெரிங்கி போகும் சாலையோரத்தில் இருக்கும் மியாமி கடற்கரைக்குப் போயிருந்தான். மூன்று பேராகப் போனவர்கள் இரண்டு பேராகத் திரும்பினார்கள். அன்று நம் நாட்டில் 68 பேர் போனார்கள், பெரும்பாலும் பினாங்கில். அந்தப் பையனைத் தேடிப் பொது மருத்துவமனைக்கு மச்சானை அழைத்துப்போனவனே நான்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எடுக்காமல் இருந்து இருந்து நான் மறந்தே போயிருந்தேன். அவன் கல்யாணம் செய்துகொண்டான், பிள்ளை பெற்றான், சிரித்துக் கும்மாளம் போடுகிறான். இருபது ஆண்டுகளில் ஒரு முறையாவது அவன் கடலில் இறங்கி நான் பார்த்திருக்கிறேனா என்று அந்தப் படகில் உட்கார்ந்து யோசித்தேன். இல்லை.

மாயா வளைகுடா அழகுதான். மருமகன் நாற்பது படம் எடுத்தான். எனக்கு ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

அன்று மாலை அவ் நாங் கடைத்தெருவில் மன்னிப்புக் கேட்கும் பாவனையில் அவனுக்கு வாழைப்பழ ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். அதை அவன் புரிந்துகொண்டான். "சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் அத்தான்" என்றான். அதற்கு மேல் நான் என்ன பேச முடியும்?

அடுத்த நாள் பங்ஙா. நம் நெடுங்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும் ங என்ற எழுத்துக்கு வேலை கொடுத்த ஊர். படகுத்துறை சதுப்புநிலக் காட்டுக்குள் இருக்கிறது. நீர் ஆறு மாதிரி அமைதியாக ஓடுகிறது. "இங்கேயும் வேண்டாமா?" என்று கேட்டேன். "நான் இங்கயே குந்தியிருக்கேன்" என்றான். நானும் மருமகனும் போனோம்.

அந்தத் தீவின் பெயர் காவ் பிங் கன். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்கும் மலைகள் என்று பொருள். அதன் முன்னால் கடலில் தனியாக நிற்கும் பாறை கோ தாப்பு. தாப்பு என்றால் ஆணி. ஏறக்குறைய 20 மீட்டர் உயரம், மேலே அகலம், தண்ணீரைத் தொடும் இடத்தில் ஒடுக்கம். யாரோ சுத்தியலால் கடலுக்குள் அடித்து இறக்கியதுபோலவே இருக்கிறது. 1974இல் வெளிவந்த 'தி மேன் வித் த கோல்டன் கன்' படத்தில் ரோஜர் மூர்தான் ஜேம்ஸ் பாண்ட். கிறிஸ்டோபர் லீ நடித்த வில்லனின் மறைவிடம் இந்தத் தீவு. இன்று படகோட்டிகூட ஜேம்ஸ் பாண்ட் தீவு என்றுதான் சொல்கிறார். அலை அரித்துப் பாறை சாய்ந்துவிடக் கூடாது என்று கோ தாப்பு அருகே படகுகள் போவதைத் தடை செய்திருக்கிறார்கள். தள்ளி நின்று பார்த்துவிட்டு, வரிசையில் நிற்கும் சோவிக் கடைகளையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சினிமாவில் ஒரே ஒரு வில்லன் குடியிருந்த தீவில் நான் போன அன்று கால் வைக்க இடமில்லை.

எனக்குப் பிடித்தது வழியில் இறங்கிய கோ பன்யி. தண்ணீருக்குள் தூண் நட்டுக் கட்டிய முஸ்லிம் மீனவர் கிராமம். தரை இல்லாத ஊர் என்பதால் பிள்ளைகள் விளையாட மிதக்கும் காற்பந்துத் திடல் போட்டிருக்கிறார்கள். அங்கே சாப்பிட்ட மீன்குழம்பு போதும், ஜேம்ஸ் பாண்ட் இல்லாவிட்டாலும் நான் மறுபடி போவேன்.

திரும்பி வந்தபோது மச்சான் துறையில் இரண்டு படகுக்காரர்களோடு கையாலும் மலாயாலும் பேசிக்கொண்டிருந்தான். "தண்ணி எப்ப ஏறும், எப்ப இறங்கும்னு பலகையில எழுதிப் போட்ருக்கான் அத்தான். சரியா அந்த நேரத்துக்கு இறங்குது" என்றான். இரண்டு மணி நேரம் அவன் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

பட்டியலில் அடுத்தது காவ் லாக். படத்தின் பெயர் 'தி இம்பாசிபிள்', 2012. சுனாமியில் சிக்கிப் பிழைத்த ஒரு ஸ்பானிஷ் குடும்பத்தின் உண்மைக்கதை. படத்தில் நவோமி வாட்சும் ஈவன் மெக்கிரெகரும் நடித்ததால் அவர்கள் ஆங்கிலேயர்கள் ஆகிவிட்டார்கள். மருமகனைத் தனியாகக் கூப்பிட்டு, "அதை எடுத்துவிடு, நேராகப் புக்கெட் போவோம்" என்றேன். அவனுக்கு அன்றுவரை எதுவும் தெரியாது. சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் எங்கள் குசுகுசுப்பு மச்சான் காதில் விழுந்துவிட்டது.

"லிஸ்ட்ல இருக்குல்ல? போவோம். நான் அந்தப் படத்த மூணு தடவ பாத்துட்டேன்" என்றான்.

கோக் கிளோயில் இடதுபக்கம் போனால் புக்கெட், வலதுபக்கம் போனால் காவ் லாக். வலதுபக்கம் திரும்பினோம். அந்தச் சாலையில்தான் கடல் உண்மையாகவே கூட வருகிறது. மலைவளைவில் இறங்கும்போது இடப்பக்கம் முழுக்கக் கடற்கரை, வரிசையாக விடுதிகள், நீச்சல்குளங்கள், வெள்ளைக்காரக் குழந்தைகள். எங்கே என்ன நடந்தது என்று சொல்ல எந்தத் தடயமும் இல்லை. அந்தக் குடும்பம் தங்கியிருந்த அதே விடுதியில்தான் படத்தின் காட்சிகளை எடுத்திருக்கிறார்கள். பெரிய அலை வரும் காட்சியை மட்டும் ஸ்பெயினில் தொட்டி கட்டி எடுத்தார்கள். கூட்டத்தில் நடித்தவர்களில் நிஜமாகவே அந்த அலையில் பிழைத்த உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். இதைக் காரில் வாசித்துக் காட்டிய மருமகன் பாதியில் நிறுத்திக்கொண்டான். விடுதிக்குள் போகவில்லை. அவனும் கேட்கவில்லை.

மச்சான் கேட்டது போலீஸ் படகை. எண் 813. அன்று கடலில் காவலுக்கு நின்ற ரோந்துப் படகு. அந்த நேரத்தில் கடலில் இருந்தவர் தாய்லாந்து மன்னர் பூமிபோலின் பேரன், வயது 21. அவர் உயிர் தப்பவில்லை. படகை அலை தூக்கி, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, சாலையைத் தாண்டிக் கொண்டுவந்து போட்டது. அதை எடுக்காமல் அங்கேயே விட்டு, சுற்றிலும் நினைவிடம் ஆக்கிவிட்டார்கள். புல்தரையில் ஒரு முழுப் போலீஸ் கப்பல் நிற்கிறது. அதற்குப் பின்னால் நின்று திரும்பிப் பார்த்தால் கடல் தெரியவில்லை. எனக்கு அதுதான் திகிலாக இருந்தது.

அங்கிருந்து வடக்கே பான் நாம் கெம். உப்புத்தண்ணீர் ஊர் என்று பொருள். மீனவ கிராமம், காவ் லாக் பகுதியிலேயே மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. தாய்லாந்தில் இறந்த 5,000க்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளிநாட்டுப் பயணிகள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். இந்த ஊரில் மீன்பிடிப் படகிலும் கட்டுமானத்திலும் வேலை பார்த்த பர்மியத் தொழிலாளிகளும் இருந்தார்கள். கையில் காகிதம் இல்லாதவர்கள், ஊருக்குத் தகவல் சொல்ல ஆள் இல்லாதவர்கள். அவர்களில் பலருக்குக் கல்லறையில் பெயர்கூடக் கிடைக்கவில்லை. எந்தப் படத்திலும் அவர்கள் இல்லை.

கடற்கரையோர நினைவுப் பூங்காவில் அலை சுருண்டு நிற்பதுபோல் ஒரு கான்கிரீட் சுவர். எதிரே பெயர்கள் பதித்த சுவர். இரண்டுக்கும் நடுவே நடந்துபோக வேண்டும். மச்சான் பாதி தூரம் போய் நின்றான். ஒரு பெயரைத் தடவிப் பார்த்தான். யார் பெயரோ. தாய் எழுத்து, அவனுக்குப் படிக்கத் தெரியாது.

"ஐஸ் பெட்டி காடில இருந்துச்சு அத்தான். யாரு போய் எடுக்குறதுன்னு மூணு பேரும் சண்ட போட்டோம். கடைசில நான் போனேன், இன்னொருத்தன் எனக்குப் பின்னாலயே வந்தான். அவன் மட்டும் பாறையில உக்காந்துகிட்டு, 'மெதுவா வாங்கடா'ன்னான்."

இதை அவன் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. மருமகன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டான். நாங்கள் மூன்று பேரும் ஐந்து நிமிடம் சும்மா நின்றோம். ஒரு நாய் வந்து மச்சான் காலடியில் படுத்தது.

பக்கத்திலேயே தக்குவா பா என்ற பழைய ஊர். ஏறக்குறைய ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன் நம் வணிகர்கள் அங்கே வந்திருக்கிறார்கள். அவனிநாரணம் என்று பெயர் வைத்த குளத்தைப் பற்றியும் மணிக்கிராமத்தாரைப் பற்றியும் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அந்தப் பகுதியில்தான் கிடைத்தது. கல் இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போய் ஒரு சுற்று சுற்ற வேண்டும் என்பது என் பட்டியலில் இருந்த ஒரே இடம். பொழுது சாய்ந்துவிட்டது. இன்னொரு நாள்.

புக்கெட் தீவுக்குள் நுழையும் இடத்தில் பழைய சாராசின் பாலம் இருக்கிறது. இப்போது வாகனங்கள் புதுப் பாலங்களில் போகின்றன; பழையதில் ஆட்கள் நடக்கிறார்கள், தூண்டில் போடுகிறார்கள். 1973இல், அதாவது நம் ஊரில் வாலிபன் ஓடிய அதே ஆண்டில், ஒரு பேருந்து ஓட்டுநரும் ஆசிரியர் பயிற்சி மாணவி ஒருத்தியும் பெண் வீட்டார் சம்மதிக்காததால் துண்டால் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அந்தப் பாலத்திலிருந்து குதித்தார்கள். 1987இல் அது படமாகி, தாய்லாந்து முழுக்க அழுதது. வெள்ளைக்காரப் பட்டியல்களில் இந்தப் படம் வராது. மருமகனிடமும் இல்லை, என்னிடம் சொன்னவர் பாலத்தில் மாங்காய் விற்றவர். ஹாலிவுட்காரன் எடுத்த இடத்துக்கு ஆயிரம் பேர். உள்ளூர்க்காரன் அழுத இடத்தில் நாங்களும் நாலு தூண்டில்காரர்களும்.

புக்கெட் நகரத்தில் மாகாண அலுவலகக் கட்டடம் 1984இல் வந்த 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' படத்தில் கம்போடியாவின் பிரெஞ்சுத் தூதரகமாக நடித்தது. பழைய ஆன் ஆன் ஹோட்டல் 'தி பீச்' படத்தில் பாங்காக் விடுதியாக நடித்தது. பினாங்குக்காரர்களுக்கு அந்தத் தெருக்களில் பார்க்கப் புதிதாக ஒன்றும் இல்லை, நம் ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் பங்காளிகள்தான். அரைநாளில் முடிந்தது.

இனி மச்சானின் பட்டியல். கடைசி இரவு, படோங், பங்லா சாலை. மாலையானால் அங்கே வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு அது சாலை இல்லை, சத்தம். ஒவ்வொரு கூடத்திலும் ஒரு பாட்டு, எல்லாம் சேர்ந்து எந்தப் பாட்டும் இல்லை. எங்களைப் பார்த்ததும் "நமஸ்தே" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். வாசலில் அட்டையைக் காட்டி என்னென்னவோ காட்சிக்கு அழைக்கிறார்கள். அட்டையிலேயே பார்த்தாயிற்று என்று நடையைக் கட்டினேன்.

நாங்கள் உட்கார்ந்த கூடத்தில் மரக்கட்டையில் ஆணி அடிக்கும் போட்டி. யார் குறைந்த அடியில் ஆணியை இறக்குகிறாரோ அவருக்கு வெற்றி. கோ தாப்புவைப் பார்த்துவிட்டு வந்த எங்களைப் பரிமாறும் பெண் மூன்று முறை தோற்கடித்தாள். அவள் ஈசானைச் சேர்ந்தவள், வடகிழக்கு. இந்தத் தெருவில் பெரும்பாலான பெண்கள் அங்கிருந்துதான் வருகிறார்களாம். வேலைக்கு வரும்வரை கடலையே பார்த்ததில்லை என்றாள். இப்போது இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம், அதனால் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று சிரித்தாள். கடல் அந்தத் தெருவின் முனையில்தான் இருக்கிறது. பாட்டிக்கும் பிள்ளைக்கும் மாதாமாதம் பணம் போகிறது. அவளுக்கு நாம் வாங்கித் தரும் பானத்தின் விலையில் ஒரு பங்கு அவள் சம்பளம். நான் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இதை வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், ஆகவே யாரும் போன் செய்து சொல்ல வேண்டாம்.

அந்த நேரத்தில்தான் மருமகன் மணி அடித்தான். மேடைக்கு மேலே பளபளவென்று ஒரு மணி தொங்கியது. படத்தில் வருவதுபோல் இருக்கிறதே என்று கயிற்றை இழுத்துவிட்டான். கூடமே எழுந்து கை தட்டியது. பையன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். மணி அடிப்பவர் அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரு சுற்று வாங்கித் தர வேண்டும் என்பது உலகம் முழுவதும் இப்படிப்பட்ட இடங்களில் உள்ள வழக்கம். கூலிம் பிள்ளைக்குத் தெரியவில்லை. 4,600 பாட். நம் காசுக்கு ஏறக்குறைய 600 வெள்ளி. அவன் முகத்தைப் பார்த்துப் பாதியை நான் கொடுத்தேன். மீதியைக் கொடுக்க மச்சானைத் தேடினால் ஆளைக் காணோம்.

எனக்கு வேர்த்துவிட்டது. அவன் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது? இருவரும் ஓடினோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடற்கரைச் சாலை வரை வந்து பார்த்தால், தெருமுனையில் ஒரு கம்பத்தடியில் நிற்கிறான். கம்பத்தில் நீலப் பலகை. அலை, அதற்கு முன்னால் மேட்டை நோக்கி ஓடும் மனிதன், ஓர் அம்புக்குறி. 2004இல் இந்தப் படோங் கடற்கரையிலும் அலை ஏறியது. இரண்டு நாளாக இந்தப் பலகையைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறோம். நான் கவனிக்கவே இல்லை. மதுக்கூடத்து விளக்குகளுக்கு நடுவே அதுவும் ஒரு விளம்பரம் மாதிரிதான் இருந்தது.

"இது எங்க போய் முடியுதுன்னு பாக்கணும் அத்தான்."

"இப்பவா?"

"இப்பத்தான். ஜனம் இருக்கறப்ப எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியணும்ல?"

மருமகன் ஒன்றும் கேட்காமல் கைப்பேசியில் நேரத்தைத் தட்டினான். அம்பு காட்டிய பக்கமே நடந்தோம். முதலில் பங்லா சாலைக் கூட்டம். கையைப் பிடிக்கிறவர்களைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பிறகு ஒரு முச்சந்தி, அடுத்த பலகை. சத்தம் குறைந்தது. துணி துவைக்கும் கடைகள், மோட்டார் சைக்கிள் வாடகைக் கடை, பூட்டிய மருந்துக்கடை. சாலை மெல்ல மேடேறியது. எனக்கு மூச்சு வாங்கியது. மச்சான் முன்னால் போய்க்கொண்டே இருந்தான். நடுநடுவே நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி நடந்தான்.

கடைசிப் பலகை ஒரு பள்ளத்தைத் தாண்டிய மேட்டில் இருந்தது. கீழே படோங் முழுக்க வெளிச்சம். அதற்கு அப்பால் கறுப்பாகக் கடல்.

"எவ்வளவு?" என்றான்.

"பதினேழு நிமிசம் அண்ணே."

"ஓடுனா?"

"மாமா வந்தா பதினேழுதான்" என்றான் மருமகன்.

மச்சான் சிரித்தான். எதிரே ஒரு அம்மா தள்ளுவண்டியில் வாழைப்பழ ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். அவனே போய் மூன்று சொல்லிவிட்டு, மணி அடித்த பையனுக்கு மட்டும் பாலும் சீனியும் அதிகமாகப் போடச் சொன்னான்.